மாநில எல்லையைத் தாண்டினால் நான் நர்ஸ் இல்லை

டிராவல் நர்ஸாகப் போகலாமா என்று யோசிக்கிறவர்கள் என்னிடம் முதலில் சம்பளத்தைத்தான் கேட்பார்கள். அடுத்து எந்த ஏஜென்சி நல்லது என்பார்கள். நான் திருப்பிக் கேட்பது, "உங்க வீடு எந்த ஸ்டேட்ல இருக்கு?" என்பதைத்தான். இந்த வேலையில் மற்ற எல்லாவற்றையும் தீர்மானிப்பது அந்தப் பதில்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விவரம். அமெரிக்க மருத்துவமனைகளில் ஆள் போதாமல் போகும்போது ஏஜென்சி வழியாகக் குறுகிய கால ஒப்பந்தத்தில் நர்ஸ்களை எடுப்பார்கள். வழக்கமான காண்ட்ராக்ட் 13 வாரம். முடிந்ததும் அதே இடத்தில் நீட்டிக்கலாம், இல்லையென்றால் பெட்டியைக் கட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போகலாம். நான் ஐ.சி.யூ. நர்ஸ். சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம், இப்போது வீடு டெக்சாஸில் டல்லாஸுக்கு அருகில். சில வருடங்களாக இப்படித்தான் மாநிலம் மாநிலமாகப் போய் வேலை பார்க்கிறேன். வென்டிலேட்டர் எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான் ஓடுகிறது. நோயாளியின் பிரஷர் திடீரென்று இறங்கினால் செய்ய வேண்டியதும் எங்கேயும் ஒன்றுதான். ஆனால் அதைச் செய்வதற்கான அனுமதி மாநில எல்லையோடு முடிந்துவிடும்.

இந்த நாட்டில் நர்ஸ் லைசென்ஸ் தருவது ஃபெடரல் அரசு, அதாவது மத்திய அரசு, அல்ல. ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித்தனி நர்சிங் போர்டு. டெக்சாஸுக்கு ஆஸ்டினில், கலிஃபோர்னியாவுக்கு சாக்ரமென்டோவில். நியூயார்க்கில் இந்த வேலையைப் பார்ப்பது மாநிலக் கல்வித் துறை. எழுதும் தேர்வு மட்டும் நாடு முழுக்க ஒன்றே, என்கிளெக்ஸ். அதே கேள்வி வங்கி, அதே தேர்ச்சி அளவு. ஒரே தேர்வில் தேறியவர் ஏன் ஐம்பது வாசலில் போய் நிற்க வேண்டும் என்றால், அதற்குப் பின்னால் பழைய சட்ட வரலாறு இருக்கிறது. மக்களின் உடல்நலத்தைக் காக்கும் பொறுப்பு மாநிலங்களுடையது என்பதுதான் இங்கே அடிப்படை. மேற்கு வர்ஜீனியாவில் டாக்டர்களுக்கு லைசென்ஸ் கட்டாயமாக்கப்பட்டதை எதிர்த்து டென்ட் என்ற டாக்டர் போட்ட வழக்கில், 1889இல் உச்ச நீதிமன்றம் மாநிலத்தின் பக்கம் நின்றது. நர்ஸ்களுக்கு முதன்முதலில் பதிவுச் சட்டம் போட்டது வட கரோலினா, 1903இல். அந்த வருடமே நியூ ஜெர்சி, நியூயார்க், வர்ஜீனியா மூன்றும் சட்டம் போட்டன. அந்தக் காலத்தில் நர்ஸ் என்று யார் வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம். பயிற்சி பெற்றவரையும் பெறாதவரையும் மக்கள் பிரித்தறிய வழி இல்லை. ஆகவே அந்தச் சட்டங்களைக் குறை சொல்ல மாட்டேன்.

நம் ஊரும் இதில் வேறு மாதிரி இல்லை. தமிழ்நாடு நர்ஸ்கள் மற்றும் தாதியர் குழுமத்தில் பதிந்தவர் டெல்லியிலோ கேரளத்திலோ வேலைக்குப் போனால், இங்கிருந்து தடையில்லாச் சான்று வாங்கி அங்கே மறுபடி பதிய வேண்டும். பல ஊர்களில் வேலை பார்த்துவிட்டு வந்த மலையாளி நர்ஸ்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

சரி, வீடு எங்கே என்று ஏன் கேட்கிறேன்? காம்பாக்ட் என்று இங்கே சொல்லப்படும் மாநிலங்களுக்கிடையேயான ஒப்பந்தம்தான் காரணம். 2000இல் தொடங்கியது. கைரேகைச் சோதனை போன்ற பொது நிபந்தனைகளைச் சேர்த்து, 2018 ஜனவரியிலிருந்து புது வடிவில் நடக்கிறது. இன்றைக்கு 40க்கும் மேற்பட்ட மாநிலங்களும் ஆட்சிப்பகுதிகளும் இதில் இருக்கின்றன. இதில் சேர்ந்த மாநிலத்தில் நீங்கள் குடியிருந்தால், அந்த மாநிலம் தரும் மல்டிஸ்டேட் லைசென்ஸ் ஒன்றே மற்ற காம்பாக்ட் மாநிலங்கள் எல்லாவற்றிலும் செல்லும். கலிஃபோர்னியா, நியூயார்க், ஒரேகன், மினசோட்டா, ஹவாய் போன்றவை வெளியே நிற்கின்றன.

இதில் பலர் கவனிக்காத ஒரு விஷயம்: மல்டிஸ்டேட் லைசென்ஸ் உங்கள் திறமைக்குத் தரப்படுவது அல்ல, முகவரிக்குத் தரப்படுவது. கலிஃபோர்னியாவில் குடியிருக்கும் நர்ஸ் முப்பது வருட அனுபவம் உள்ளவராக இருந்தாலும் அவருக்கு அது கிடையாது. டல்லாஸில் குடியிருக்கும், நேற்றுத் தேர்வில் தேறிய பெண்ணுக்கு உண்டு. வீடு எது என்பதற்கு டிரைவிங் லைசென்ஸ், வாக்காளர் பதிவு, ஃபெடரல் வருமான வரிக் கணக்கு போன்றவற்றில் ஆதாரம் கேட்பார்கள். நண்பர் வீட்டு முகவரியைப் போட்டுச் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். டிராவல் நர்ஸுக்குத் தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் வரி இல்லாமல் கிடைக்கும் படித்தொகையும் நிஜமான வீடு ஒன்று இருப்பதைப் பொறுத்ததுதான். ஒரு பொய் இரண்டு இடத்தில் இடிக்கும். ஒரு காம்பாக்ட் மாநிலத்திலிருந்து இன்னொன்றுக்கு வீடு மாறினால், 60 நாட்களுக்குள் புது மாநிலத்தில் விண்ணப்பிக்க வேண்டும் என்று 2024 ஜனவரியிலிருந்து விதி. 13 வார காண்ட்ராக்டுக்குப் போவது வீடு மாறுவது ஆகாது.

இன்னொன்று: சட்டப்படி முக்கியம் நோயாளி எங்கே இருக்கிறார் என்பது. நான் டல்லாஸில் உட்கார்ந்துகொண்டு கலிஃபோர்னியாவில் இருக்கும் நோயாளிக்குத் தொலைபேசியில் ஆலோசனை சொன்னால், எனக்கு கலிஃபோர்னியா லைசென்ஸ் வேண்டும்.

காம்பாக்டுக்கு வெளியே உள்ள மாநிலங்களுக்கு எண்டார்ஸ்மெண்ட் என்ற வழியில் விண்ணப்பிக்க வேண்டும். ஏற்கெனவே ஒரு மாநிலத்தில் லைசென்ஸ் இருப்பதால் தேர்வு மறுபடி எழுத வேண்டாம். மற்றதெல்லாம் கிட்டத்தட்ட முதலிலிருந்து. நர்ஸ்கள் சலித்துக்கொள்வதும் ஏஜென்சியில் ஆள் எடுக்கும் ரெக்ரூட்டர்கள் தினமும் போன் செய்து "வந்துவிட்டதா" என்று கேட்பதும் இங்கேதான்.

இந்த விண்ணப்பங்களைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு விதியைத் தெரிந்துகொண்டால் போதும் என்பது என் அனுபவம். போர்டு உங்கள் கையிலிருந்து எதையும் வாங்கிக்கொள்ளாது. நீங்கள் படித்தீர்கள் என்று கல்லூரி சொல்ல வேண்டும், நேராக. நீங்கள் லைசென்ஸ் வைத்திருக்கிறீர்கள் என்று மற்ற மாநிலம் சொல்ல வேண்டும், நேராக. உங்கள் மேல் வழக்கு இல்லை என்று எஃப்.பி.ஐ. சொல்ல வேண்டும். பீரோவில் லேமினேட் செய்து வைத்திருக்கும் டிகிரிச் சான்றிதழுக்கு அங்கே மதிப்பு இல்லை. எந்தக் காகிதமும் அது பிறந்த இடத்திலிருந்து, வேறு கை படாமல் போக வேண்டும்.

இது அவமானமாகச் சிலருக்குத் தோன்றுகிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. 2023 ஜனவரியில் வெளியே வந்த வழக்கை நினைத்துப் பாருங்கள். தெற்கு ஃபுளோரிடாவில் இருந்த மூன்று நர்சிங் பள்ளிகள் 7,600க்கும் மேற்பட்ட போலி டிப்ளமோக்களை விற்றிருந்தன. தேவையான படிப்பையும் வார்டுப் பயிற்சியையும் முடிக்காதவர்கள் பணம் கொடுத்து டிரான்ஸ்கிரிப்ட் எனப்படும் மதிப்பெண் பட்டியலை வாங்கி, அதை வைத்து என்கிளெக்ஸ் எழுதினார்கள். அவர்களில் சுமார் 2,400 பேர் தேறியும் விட்டார்கள். அவர்கள் வேலைக்குச் சேர்ந்தது பல மாநிலங்களில். காகிதம் சரியான இடத்திலிருந்து வந்தும் இப்படி நடந்தது என்றால், கையில் கொண்டுவந்து நீட்டுவதை ஏற்றுக்கொண்டால் என்ன ஆகும்?

இன்னொரு பெயரும் இங்கே எல்லா நர்ஸுக்கும் தெரியும்: சார்லஸ் கல்லன். நியூ ஜெர்சி, பென்சில்வேனியா இரண்டு மாநிலங்களிலும் 16 வருடம் வேலை பார்த்துக்கொண்டே நோயாளிகளுக்கு மருந்தைக் கூட்டிக் கொடுத்துக் கொன்றவர். 29 கொலைகளை ஒப்புக்கொண்டார். ஒரு மருத்துவமனையில் சந்தேகம் வந்ததும் வெளியே போவார், அடுத்த மருத்துவமனை சேர்த்துக்கொள்ளும். அவரைப் பற்றித் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குச் சொல்லவில்லை. 2003 டிசம்பரில் பிடிபட்ட பிறகுதான் நியூ ஜெர்சி இதற்கென்று சட்டம் போட்டது. ஐ.சி.யூ.வில் மயக்கத்தில் கிடக்கும் ஒருவருக்கு, தன் கையில் ஊசி போடுகிறவர் யார் என்று கேட்க முடியாது. அவருக்காக வேறு யாராவது கேட்க வேண்டும். போர்டு கேட்கிறது. கேட்கட்டும்.

எனக்கு வருத்தம் வேறு இடத்தில். ஒரே கேள்வியை, ஒரே ஆளிடம், ஒவ்வொரு மாநிலமும் புதிதாகக் கேட்கிறது. அமெரிக்காவில் படித்தவருக்கு அது சிறிய தொல்லை. கல்லூரிக்கு ஆன்லைனில் ஒரு விண்ணப்பம், கொஞ்சம் கட்டணம், டிரான்ஸ்கிரிப்ட் மின்னணு வழியில் போய்விடும். நாகர்கோவில் பக்கம் படித்தவளுக்கு அப்படி இல்லை.

எங்களைப் போன்றவர்களின் முதல் லைசென்ஸ் கதையே விசித்திரமானது. சில மாநிலங்கள் சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாமல் விண்ணப்பத்தை எடுத்துக்கொள்ளாது. நியூயார்க் எடுத்துக்கொள்ளும். அதனால் தமிழ்நாட்டிலிருந்தும் கேரளத்திலிருந்தும் நிறையப் பேர் நியூயார்க் வழியாக விண்ணப்பித்து, சென்னையில் உள்ள தேர்வு மையத்தில் என்கிளெக்ஸ் எழுதுகிறோம். நானும் அப்படித்தான். நியூயார்க் நகரத்தைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே நான் அந்த மாநிலத்தின் நர்ஸ். அங்கே லைசென்ஸ் ஆயுளுக்கும் உண்டு, ஆனால் வேலை பார்க்க மூன்று வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். பிறகு எந்த மாநிலத்துக்கு விண்ணப்பித்தாலும், "முதலில் தேர்வெழுதி வாங்கிய லைசென்ஸ் எது" என்ற கட்டத்தில் நியூயார்க் வந்து நிற்கும்.

மாநிலங்களுக்கு இடையே லைசென்ஸைச் சரிபார்ப்பது இப்போது எளிதாகிவிட்டது. நர்சிஸ் என்று ஒரு பொதுத் தரவுத்தளம் இருக்கிறது. அதில் 30 டாலர் கட்டினால், இருக்கும் லைசென்ஸ் விவரமும் ஒழுங்கு நடவடிக்கை ஏதாவது உண்டா என்பதும் புது மாநிலத்தின் கண்ணில் உடனே படும். ஆக, லைசென்ஸைப் பொறுத்தவரை கல்லன் காலத்து ஓட்டையின் பெரும் பகுதியை அடைத்துவிட்டார்கள். கல்விச் சான்றுக்குத்தான் அப்படி ஒரு பொது இடம் இல்லை.

டெக்சாஸுக்கு விண்ணப்பித்தபோது என் படிப்பை மதிப்பிட்டு ஒரு அறிக்கை வேண்டும் என்றார்கள். ஃபிலடெல்ஃபியாவில் உள்ள, அப்போது சி.ஜி.எஃப்.என்.எஸ். என்று பெயர் கொண்டிருந்த நிறுவனம் அதைத் தயாரிக்கும். 2025இல் அதன் பெயர் ட்ரூமெரிட் என்று மாறிவிட்டது. அதே நிறுவனத்தில் நியூயார்க்குக்காக ஏற்கெனவே என் கோப்பு இருந்தது. ஆனால் நியூயார்க்குக்கான அறிக்கை வேறு வகை, டெக்சாஸ் ஏற்கும் அறிக்கை வேறு வகை, ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம். கலிஃபோர்னியாவுக்கு என்றபோது அந்த மாநிலத்துக்கே உரிய படிவம் ஒன்று: வெளிநாட்டில் படித்தவர்கள் எந்தப் பாடத்தில் எத்தனை மணி நேரம் வகுப்பு, எத்தனை மணி நேரம் வார்டு என்று கல்லூரி பிரித்து எழுதிக் கையெழுத்துப் போட்டு, டிரான்ஸ்கிரிப்டோடு நேரடியாக அனுப்ப வேண்டும்.

ஒவ்வொரு முறையும் இதற்காக ஓடியது என் தம்பி. எங்களுக்கு டிகிரி தந்தது டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம், அது சென்னை கிண்டியில். கல்லூரி ஊர்ப் பக்கம். நர்சிங் பதிவோ சென்னையில் உள்ள குழுமத்தில். கல்லூரியில் படிவத்தை நிரப்பி முத்திரை வாங்கி, கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் ஏறி, காலையில் தாம்பரத்தில் இறங்கி, லோக்கல் ரயில் பிடித்துக் கிண்டிக்குப் போவான். கலிஃபோர்னியா படிவத்தோடு போனபோது கல்லூரி அலுவலகத்தில் இருந்தவர் அவனிடம், "தம்பி, இந்தப் பொண்ணுக்கு ஏற்கெனவே அனுப்பியாச்சே?" என்றிருக்கிறார்.

"அது வேற ஸ்டேட்டுக்கு சார்."

"ஒரே நாடுதானே?"

தம்பி இதைச் சொன்னபோது என்னிடம் பதில் இல்லை. அந்த மனிதர் கேட்டது சரியான கேள்வி. இருந்தும் பழைய பதிவேட்டை எடுத்து, எங்கள் பேட்ச் எந்த மாதம் எந்த வார்டில் போஸ்டிங் போனது என்பதைப் பார்த்து, மணி நேரத்தைக் கூட்டி எழுதிக் கொடுத்தார். அது அவர் வேலையில் ஒரு பகுதியே இல்லை. இப்படிப் பெயர் தெரியாத அலுவலக ஊழியர்களின் நல்ல மனசில்தான் வெளிநாட்டில் இருக்கும் எங்களில் பலரின் வேலை நிற்கிறது என்பதை இங்கே எழுதி வைக்க ஆசைப்படுகிறேன்.

கலிஃபோர்னியா இவ்வளவு விவரம் கேட்பதற்கு ஒரு விதி காரணம். ஒரு பாடத்தின் வகுப்பும் அதற்கான வார்டுப் பயிற்சியும் ஒரே காலத்தில் நடந்திருக்க வேண்டும். குழந்தை மருத்துவத்தை இரண்டாம் வருடம் படித்துவிட்டு, அந்த வார்டுக்கு நான்காம் வருடம் போயிருந்தால் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். பிலிப்பைன்ஸில் படித்த நர்ஸ்கள் நிறையப் பேர் இதில் மாட்டிக்கொண்டார்கள், வேறு மாநிலங்களில் வருடக்கணக்கில் வேலை பார்த்தவர்கள் உட்பட. முதியோர் பராமரிப்பும் கேட்பார்கள். நாங்கள் படித்த பாடத்திட்டத்தில் அது தனித் தாள் கிடையாது, பொது மருத்துவமும் அறுவை சிகிச்சையும் சேர்ந்த மெடிக்கல் சர்ஜிக்கலுக்குள் ஒரு அலகு. கல்லூரி அதைப் பிரித்துக் காட்டாவிட்டால் இல்லை என்றே ஆகிவிடும். பதினைந்து வருடம் ஐ.சி.யூ.வில் வயதானவர்களையே பார்த்த ஒருவரிடம், கல்லூரியில் அந்தப் பாடம் எத்தனை மணி நேரம் என்று கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை. தொடக்கத்தில் கேட்க வேண்டிய கேள்வி அது.

பெயர்த் தொல்லை இன்னொன்று. இது தமிழர்களுக்கென்றே வாய்த்தது. கல்லூரிச் சான்றிதழில் என் பெயருக்கு முன்னால் ஒற்றை எழுத்தாக இனிஷியல். பாஸ்போர்ட்டில் அதுவே விரிந்து அப்பா பெயராகிப் பின்னால் போய்விட்டது. கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயர் அந்த இடத்துக்கு வந்தது. மூன்று காகிதத்தில் மூன்று பெண்கள். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயருக்கான கட்டம் காலியாக இருப்பவர்கள் நிலை இன்னும் மோசம். அமெரிக்க விசாவில் அவர்களின் ஒரே பெயரைக் குடும்பப் பெயராக்கிவிட்டு, முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்.என்.யூ. என்று அடித்துவிடுவார்கள். முதல் பெயர் தெரியவில்லை என்று அதற்குப் பொருள். அந்த மூன்று எழுத்தோடு டிரைவிங் லைசென்ஸ் வாங்கி, அதே பெயரில் நர்ஸ் லைசென்ஸுக்குப் போட்டு, இந்தியாவிலிருந்து வந்த டிரான்ஸ்கிரிப்டில் உள்ளவர் வேறு ஆள் என்று கோப்பு நின்றுபோனவர்களை எனக்குத் தெரியும். இரண்டு பெயரும் ஒருவரே என்று பிரமாணப் பத்திரம் ஒன்றைத் தயாராக வைத்துக்கொள்வது நல்லது. அதைவிட, முதல் விண்ணப்பத்துக்கு முன்பே பாஸ்போர்ட்டைச் சரி செய்துகொள்வது இன்னும் நல்லது.

கைரேகை வேறு. கலிஃபோர்னியாவுக்கு மை இல்லாமல் கருவியில் பதியும் லைவ் ஸ்கேன் முறையில் கொடுத்தால் சீக்கிரம் முடியும், ஆனால் அதைக் கலிஃபோர்னியா மண்ணில்தான் செய்ய முடியும். வெளியே இருப்பவர்கள் எஃப்.டி-258 என்ற அட்டையில் மை தொட்டு உருட்டி அஞ்சலில் அனுப்ப வேண்டும். ஒரு நாள் பயணமாக விமானத்தில் போய் லைவ் ஸ்கேன் கொடுத்துவிட்டு வருகிறவர்களும் உண்டு. நாளெல்லாம் சானிடைசரும் சோப்பும் பட்டு நர்ஸ்களின் விரல் ரேகைகள் தேய்ந்து போகும். தெளிவாக இல்லை என்று அட்டை திரும்பி வருவது எங்களுக்குப் பழக்கமான விஷயம். இரண்டு முறை நிராகரித்தால் எஃப்.பி.ஐ. பெயரை வைத்துச் சோதிக்க வழி இருக்கிறது. கைரேகைக்குப் போகும் முன் சில நாள் இரவில் கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள் என்று ஒரு மூத்த நர்ஸ் சொன்னார். எனக்குப் பலித்தது. கைரேகையில் தனி ஆட்கள் மட்டும் மாட்டுவதில்லை. பென்சில்வேனியா 2021இலேயே காம்பாக்டில் சேரச் சட்டம் போட்டும், எஃப்.பி.ஐ. பின்னணிச் சோதனைக்கான ஏற்பாட்டில் சிக்கி, அந்த மாநிலத்து நர்ஸ்களுக்கு மல்டிஸ்டேட் லைசென்ஸ் கிடைக்க 2025 ஜூலை ஆகிவிட்டது.

மாநிலங்கள் கேட்கும் சின்னச் சின்னப் பயிற்சி வகுப்புகள் எனக்குத் தொல்லையாகத் தோன்றுவதில்லை. நியூயார்க்கில் தொற்றுக் கட்டுப்பாடு. வாஷிங்டனில் தற்கொலைத் தடுப்பு. பென்சில்வேனியாவில் குழந்தைகள் மீதான வன்முறையை அடையாளம் காண்பது. நெவாடாவில் உயிரியல் ஆயுதத் தாக்குதல். டெக்சாஸில் நர்சிங் சட்டத் தேர்வு, எமர்ஜென்சியில் வேலை பார்ப்பவர்களுக்குத் தடய சேகரிப்புப் பயிற்சி. சில மணி நேரத்தில் முடிந்துவிடும், வார்டில் உதவவும் செய்யும். ஒரு மாநிலம் எதைப் பார்த்து அஞ்சுகிறது என்பதும் இதில் தெரிகிறது.

இவ்வளவுக்குப் பிறகும் ஏன் கலிஃபோர்னியா, நியூயார்க் என்று போகிறோம் என்று கேட்கலாம். கலிஃபோர்னியாவில் ஒரு நர்ஸுக்கு எத்தனை நோயாளிகள் என்பதற்குச் சட்டப்படி வரம்பு இருக்கிறது. 1999இல் சட்டமாகி 2004இல் நடைமுறைக்கு வந்தது. ஐ.சி.யூ.வில் இரண்டு பேர், சாதாரண மெடிக்கல் சர்ஜிக்கல் வார்டில் ஐந்து பேர். வேறு ஊர்களில் மூன்று வென்டிலேட்டர் நோயாளிகளை ஒரே இரவில் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். காம்பாக்டில் சேர வேண்டாம் என்று கலிஃபோர்னியா, நியூயார்க் நர்ஸ் சங்கங்கள் எதிர்ப்பதற்கும் இதுதான் பின்னணி. போராடி வாங்கிய தரம் நீர்த்துப்போகும், வேலைநிறுத்தம் செய்தால் மறுநாளே வெளி மாநிலத்திலிருந்து ஆட்களை இறக்கிவிடுவார்கள் என்பது அவர்கள் கவலை. அந்தக் கவலையை நான் மதிக்கிறேன். நோயாளி எண்ணிக்கை வரம்பு எனக்கும் உயிர். ஆனால் ஒரு நர்ஸின் பழைய டிரான்ஸ்கிரிப்டை மறுபடி மறுபடி கேட்பதால் அந்த வரம்பு காப்பாற்றப்படுவதில்லை. இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஒரு மாநிலத்தின் லைசென்ஸை மற்ற இடங்களிலும் ஏற்பது முடியாத காரியம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. படைவீரர்களுக்கான வி.ஏ. மருத்துவமனைகள் ஃபெடரல் அரசின் கீழ் வருபவை. ஏதாவது ஒரு மாநில லைசென்ஸ் இருந்தால் எந்த ஊர் வி.ஏ.விலும் நர்ஸாக வேலைக்குச் சேரலாம். லாஸ் ஏஞ்சலீஸ் வி.ஏ. மருத்துவமனையில் டெக்சாஸ் லைசென்ஸோடு ஒருவர் ஐ.சி.யூ. நோயாளியைப் பார்க்கலாம். கொஞ்ச தூரத்தில் இருக்கும் இன்னொரு மருத்துவமனையில் அதே லைசென்ஸோடு ஒரு பாராசிட்டமால் கொடுக்கக் கூடாது. 2020 வசந்த காலத்தில் நியூயார்க் தவித்தபோது, வெளி மாநில நர்ஸ்கள் வந்து வேலை செய்ய ஆளுநர் ஒரே உத்தரவில் வழி திறந்தார். என்னோடு வேலை பார்த்தவர்கள் சிலர் அந்த வாரமே நியூயார்க் நகரத்தின் குவீன்ஸ் பகுதிக்குக் கிளம்பிப் போனார்கள். அவசரம் தணிந்ததும் மாநிலங்கள் அந்த உத்தரவுகளை ஒவ்வொன்றாக முடித்துக்கொண்டன. அப்புறம் நாங்கள் எல்லோரும் பழையபடி காகிதத்துக்குத் திரும்பினோம்.

ஒரு மாநிலத்துக்குப் போட்ட என் விண்ணப்பம் மாதக்கணக்கில் அசையாமல் கிடந்தது. எல்லாக் காகிதமும் போய்ச் சேர்ந்திருந்தது, கல்லூரியின் உறையைப் பெற்றுக்கொண்டதற்கு கூரியர் ரசீதும் இருந்தது. போனில் கேட்டால், பரிசீலனையில் இருக்கிறது என்பார்கள். நான் போக வேண்டியிருந்த ஐ.சி.யூ. காத்திருந்து பார்த்துவிட்டு காண்ட்ராக்டை ரத்து செய்தது. எனக்கு வேறு வேலை கிடைத்துவிட்டது, அதில் நஷ்டம் பெரிதில்லை. ஆனால் அந்த ஐ.சி.யூ.வில் அந்த மாதங்களில் என் இடம் காலியாகத்தான் இருந்தது என்று அங்கிருந்த ஒரு நர்ஸ் பின்னால் சொன்னார். அங்கே ஒவ்வொரு இரவும் யாரோ ஒருவர் கூடுதலாக ஒரு நோயாளியைச் சுமந்திருக்கிறார். இந்தத் தாமதத்தின் விலையைக் கொடுப்பவர் அவர், அப்புறம் அந்தப் படுக்கையில் கிடப்பவர்.

டாக்டர்களுக்கு இதற்கு ஒரு தீர்வு 1996 முதலே இருக்கிறது. மாநில மருத்துவ போர்டுகளின் கூட்டமைப்பு ஒரு சரிபார்ப்புச் சேவை நடத்துகிறது. மருத்துவக் கல்லூரியிலிருந்து டிரான்ஸ்கிரிப்டை ஒருமுறை நேரடியாக வாங்கிச் சரிபார்த்து, நிரந்தரமாக வைத்துக்கொண்டு, டாக்டர் எந்த மாநிலத்துக்கு விண்ணப்பித்தாலும் அங்கிருந்து அனுப்புவார்கள். நர்ஸ்களுக்கும் இதுதான் வேண்டும். லைசென்ஸ் விவரத்துக்கு நர்சிஸ் இருப்பதுபோல, கல்விச் சான்றுக்கு எல்லா மாநிலங்களும் ஏற்கும் ஒரே பெட்டகம். கடுமையாகவே சோதிக்கட்டும், தேவைப்பட்டால் இரண்டு மடங்கு கடுமையாக. ஒருமுறை சோதித்ததை எல்லோரும் நம்பட்டும். கல்லூரி ஒருநாள் மூடிவிட்டால், பதிவேடு நனைந்துவிட்டால், அந்த அலுவலகப் பெரியவர் ஓய்வு பெற்றுவிட்டால், நேர்மையாகப் படித்த ஒருத்தி தன் படிப்பை நிரூபிக்க முடியாமல் நிற்கக் கூடாது.

தமிழ்நாட்டிலிருந்து வந்திருக்கும் பிசியோதெரபிஸ்டுகளும் இதே பாதையில் வருகிறவர்கள், டிராவல் வேலையில் நம்மவர்கள் அங்கே நிறைய. அவர்களுக்கு 2018 முதல் தனி காம்பாக்ட் இருக்கிறது. நர்ஸ்களுடையதுபோல ஒரே லைசென்ஸ் எல்லா இடத்திலும் செல்லாது, மாநிலத்துக்கு மாநிலம் தனித்தனியாகக் கட்டணம் கட்டி அனுமதி வாங்க வேண்டும். ஆனால் வேகமாகக் கிடைத்துவிடும் என்கிறார்கள்.

ஊரில் இப்போது நர்சிங் படிக்கிற, வெளியே வர நினைக்கிற பிள்ளைகளுக்கு: கல்லூரியை விட்டு வெளியேறும்போதே பாடவாரியாக வகுப்பு நேரம், வார்டு நேரம் இரண்டையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். போர்டுக்கு அதை நீங்களே அனுப்ப முடியாதுதான், ஆனால் பின்னால் கல்லூரிக்கு நினைவூட்ட அதுதான் உதவும். போஸ்டிங் தேதிகள் உள்ள பதிவேட்டைத் தூக்கிப் போடாதீர்கள். பேட்ச் வாட்ஸ்ஆப் குழுவை விட்டு வெளியேறாதீர்கள், எந்த அலுவலகத்தில் யாரைப் பார்க்க வேண்டும் என்பது அங்கேதான் தெரியவரும். தமிழ்நாட்டுப் பதிவைக் காலாவதியாக விடாதீர்கள், அதையும் சரிபார்க்கும் மாநிலங்கள் உண்டு. இங்கே வந்த பிறகு நர்சிஸில் இலவசமாகக் கிடைக்கும் ஈ-நோட்டிஃபையில் பதிந்துகொண்டால், லைசென்ஸ் முடியும் தேதியை அதுவே நினைவூட்டும். புது மாநிலத்துக்கு விண்ணப்பிக்கும்போது காண்ட்ராக்ட் கையில் வரும்வரை காத்திருக்காதீர்கள். காகிதம் போய்ச் சேர்ந்து கோப்பு முழுமையான பிறகு வேலை தேடுங்கள். கட்டணமும் படிவமும் மாறிக்கொண்டே இருக்கும். ரெக்ரூட்டர் சொல்வதையோ நான் இங்கே எழுதியதையோ வைத்துப் பணம் கட்ட வேண்டாம், கட்டும் அன்று அந்த போர்டின் இணையதளத்தைத் திறந்து பார்த்துக்கொள்ளுங்கள்.